பதினேழரை வயதுக்குள் படித்து முடிக்க வேண்டுமாம்

பெற்றோர் துணையின்றி இங்கிலாந்துக்கு வந்து தஞ்சம் கேட்ட சிறுவர்கள், பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வில் உள்ளூர் மாணவர்களைவிட மூன்று ஆண்டுக்கும் மேல் பின்தங்கி நிற்கிறார்கள். 2017ஆம் ஆண்டுத் தேர்வை வைத்து எஜுகேஷன் பாலிசி இன்ஸ்டிடியூட் போட்ட கணக்கு இது. தாய் தகப்பனோடு வந்த அகதிப் பிள்ளைகளும் பின்தங்கித்தான் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய பின்னடைவு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டோடு நின்றுவிடுகிறது.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை. போர், லிபியாவில் அடைபட்டுக் கிடந்த மாதங்கள், மத்தியதரைக் கடலில் ரப்பர் படகு, கூட வந்தவன் கண்முன்னே மூழ்கியது. இத்தனையையும் பார்த்துவிட்டு வந்த பையன் தலையில் இயற்கணிதம் எப்படி ஏறும்? முதலில் மனம் ஆறட்டும், படிப்பு மெல்ல வரட்டும். ஆசிரியர்களுக்கான பட்டறையில் இதைச் சொல்கிறார்கள், தொண்டு நிறுவனங்களின் நன்கொடை வேண்டுகோளில் இதை எழுதுகிறார்கள், நாளிதழ்த் தலையங்கங்களும் இதையே திருப்பிச் சொல்கின்றன. இரக்கத்தில் பிறந்த விளக்கம் என்பதால் மறுத்துப் பேசுகிறவன் கல்நெஞ்சக்காரனாகத் தெரிவான்.

இரக்கமில்லாத விளக்கம் ஒன்றும் கூடவே உலவுகிறது. இவர்கள் படிக்க வரவில்லை, சம்பாதித்து ஊருக்குப் பணம் அனுப்ப வந்தவர்கள். பாதிப் பேருக்கு மீசை முளைத்தாயிற்று, சிறுவன் என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள். இவர்களுக்குப் பள்ளியில் இடம் கொடுப்பது நம் பிள்ளைகளின் இடத்தைப் பறிப்பது. அட்லாண்டிக்கின் இரு கரையிலும் தேர்தல் மேடைகளில் ஒலிப்பது இது.

இரண்டு கட்சியும் ஒன்றையொன்று முறைத்துக்கொள்கின்றன. ஆனால் காரணம் பையனுக்குள் இருக்கிறது என்பதில் இரண்டுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஒருவருக்கு அது அவன் காயத்தில் இருக்கிறது, மற்றவருக்கு அவன் உள்நோக்கத்தில். செப்டம்பரில் மட்டும் கதவு திறக்கும் கல்லூரி, பிறந்த தேதியை நம்ப மறுக்கும் அதிகாரி, பதினேழரை வயதில் காலாவதியாகும் அனுமதிப் பத்திரம் ஆகியவை இரண்டு விளக்கத்திலும் தலைகாட்டுவதில்லை. கடந்த இருபது ஆண்டுகளின் ஆய்வுகளைப் பொறுமையாகப் படித்தால், பின்னடைவின் பெரும்பகுதி தயாராவது அங்கேதான் என்பது புலப்படும்.

முதலில் காயத்தைப் பற்றி. காயம் பொய் என்று இங்கே யாரும் வாதிடவில்லை. நெதர்லாந்தில் டாமி பீனும் அவருடைய குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, தனியாக வந்த சிறுவர்களின் மன அழுத்தம் குடும்பத்தோடு வந்தவர்களைவிடத் தெளிவாகவே அதிகம் என்று காட்டியது. அதற்குப் பின் வந்த ஆய்வுகளும் அதை உறுதிசெய்கின்றன. கேள்வி வேறு: எத்தனை பேருக்கு, எவ்வளவு, எதனால்?

இங்கிலாந்தில் இஸ்ரேல் பிரான்ஸ்டைனும் பால் மான்ட்கோமரியும் ஆப்கானிஸ்தானிலிருந்து தனியாக வந்த 222 பையன்களிடம் வினாத்தாள் கொடுத்துப் பார்த்தார்கள். 2012இல் வெளியான முடிவின்படி, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலச் சிக்கல் இருக்கக்கூடும் என்று கருதும் அளவை எட்டியவர்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு. சாதாரணப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம். மேற்கோள் காட்டுகிறவர்களும் இந்த ஒரு பங்கைத்தான் காட்டுகிறார்கள். மீதி இரண்டு பங்கு பையன்கள் அந்த அளவுக்குக் கீழேதான் இருந்தார்கள். அவர்களும் காபூலிலிருந்தோ குந்தூசிலிருந்தோ நிலவழியாக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்தவர்கள்தாம். காயந்தான் தடை என்றால் இந்த இரண்டு பங்குப் பேர் வகுப்பில் சராசரியாகவாவது தேறியிருக்க வேண்டும். அவர்களுடைய தடை எது என்று கேட்ட ஆய்வுகள் மிகக் குறைவு.

குறைவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. இங்கிலாந்தில் அகதிக் குழந்தைகளைப் பற்றி இருபது ஆண்டுகளாக வெளிவந்த எழுத்துகளை ஜில் ரட்டர் 2006இல் ஒரு நூலுக்காகத் தொகுத்துப் பார்த்தார். அவற்றில் பெரும்பகுதி மனக்காயம் பற்றிய உளவியல் எழுத்தாக இருந்தது. பள்ளிச் சேர்க்கை, மொழி வகுப்பு, வறுமை, வீட்டு வசதி என்று எழுதியவர்கள் சிறுபான்மை. உளவியலாளரிடம் வினாத்தாள் இருக்கிறது, அதற்கு நிதி கிடைக்கிறது, ஆகவே அதை அளக்கிறார். ஒரு பையன் எத்தனை நாள் வகுப்பில்லாமல் அறையில் உட்கார்ந்திருந்தான் என்பதற்கு அப்படி ஒரு வினாத்தாள் கிடையாது. அளந்தது மட்டும் ஆய்வுலகில் இருக்கிறது. அளக்காதது இல்லாததாகவே ஆகிவிட்டது.

அளந்தவற்றுக்குள்ளேயே இன்னொரு செய்தி கிடக்கிறது. நார்வேயில் மாரியான் யாகொப்சென் குழுவினர் தனியாக வந்த சிறுவர்களை இரண்டு ஆண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2017இல் எழுதினார்கள். வந்த புதிதில் இருந்த மனவேதனை காலம் போகப்போகத் தானாக வடியவில்லை. யாருக்கு அது மோசமாக இருந்தது என்று பார்த்தால், தஞ்ச மனு நிராகரிக்கப்பட்டவர்களுக்கும், வயது கூடுதல் என்று முடிவுகட்டிப் பெரியவர்களுக்கான விடுதியில் போடப்பட்டவர்களுக்கும். லண்டனில் மாத்யூ ஹோட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் கண்டதும் இதற்கு ஒத்துப்போகிறது: பார்த்துக்கொள்ள ஆளில்லாத தங்குமிடத்தில் வைக்கப்பட்டவர்களிடம் அறிகுறிகள் அதிகமாக இருந்தன. ஊரில் பட்ட அடி ஒன்று. வந்த இடத்தில் அலுவலகங்கள் கொடுக்கும் அடி வேறொன்று. இரண்டாவதையும் முதலாவதன் கணக்கில் எழுதிவிட்டால் அலுவலகத்துக்கு வசதிதான்.

இனி, அந்த இரண்டாவது அடி நாள்காட்டியில் எப்படி விழுகிறது என்று பார்க்கலாம்.

இங்கிலாந்துக்குத் தனியாக வரும் சிறுவர்களில் பெரும்பாலோருக்கு வயது பதினாறு, பதினேழு. 2024 மார்ச் இறுதியில் அரசுப் பராமரிப்பில் இருந்த 83,630 பிள்ளைகளில் 7,380 பேர் இப்படி வந்தவர்கள். 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி அவர்களுக்கு உள்ளாட்சி மன்றம்தான் பெற்றோர் ஸ்தானத்தில் இருக்கிறது. பராமரிப்பில் உள்ள பிள்ளைக்குப் பள்ளிச் சேர்க்கையில் முதல் வரிசை. ஒவ்வொரு உள்ளாட்சியிலும் இந்தப் பிள்ளைகளின் படிப்பைக் கவனிக்கவே ஒரு அதிகாரி இருக்க வேண்டும் என்று 2014இல் சட்டம் வந்தது. அந்த அலுவலகத்துக்கு ‘வர்ச்சுவல் ஸ்கூல்’ என்று பெயர். கட்டடமும் கிடையாது, கரும்பலகையும் கிடையாது. பராமரிப்புக்குள் வந்த 20 பள்ளி நாட்களுக்குள் பிள்ளை வகுப்பில் இருக்க வேண்டும் என்பது அரசின் வழிகாட்டுதல்.

காகிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நடைமுறையை 2018இல் யுனிசெஃப் அமைப்புக்காக கேத்தரின் கிளாட்வெலும் ஜார்ஜினா செட்வின்டும் ஆராய்ந்தார்கள். தன் பொறுப்பில் உள்ள தனித்து வந்த பிள்ளைகள் அனைவரையும் 20 நாளுக்குள் சேர்த்த பிராந்தியம் நாட்டில் ஒன்றுகூட இல்லை. உயர்நிலைப் பள்ளி, கல்லூரி வயதில் இருந்தவர்களில் நான்கில் ஒரு பங்கு வரை மூன்று மாதத்துக்கும் மேல் காத்திருந்தார்கள்.

மூன்று மாதம் என்பது ஐந்து வயதுக் குழந்தைக்குச் சின்ன விஷயம். பதினாறே முக்கால் வயதில் வந்து இறங்கியவனுக்கு அது பதினேழரைக்குள் மிஞ்சியிருக்கும் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு. பதினாறைத் தாண்டியவனைப் பள்ளி பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் கல்லூரி வகுப்புக்கு அனுப்புகிறார்கள். அந்த வகுப்புகள் பல இடங்களில் செப்டம்பரில் தொடங்குகின்றன. படகு செப்டம்பரைப் பார்த்துப் புறப்படுவதில்லை. அக்டோபரில் கரையேறியவன் அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்காக உட்கார்ந்திருக்கிறான், அதற்குள் ஒரு வயது போய்விடுகிறது.

பதினைந்து வயதில் வந்தவனுக்குப் பள்ளியில் இடம் கேட்டால் வேறு கதை. ஜி.சி.எஸ்.இ. எழுதும் வகுப்பில் இவனைச் சேர்த்தால் பள்ளியின் தரவரிசை சரிந்துவிடும் என்று தலைமையாசிரியர் தயங்குகிறார். இது அறியாமை என்று சொல்வதா, சாக்கு என்று சொல்வதா தெரியவில்லை. கடைசி இரண்டு ஆண்டுகளில் வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த, ஆங்கிலம் தாய்மொழி அல்லாத மாணவரின் மதிப்பெண்ணைத் தரவரிசைக் கணக்கிலிருந்து நீக்கிவிடப் பள்ளிக்கு அனுமதி உண்டு. உள்ளாட்சிக்கு உட்பட்ட பள்ளி என்றால் ‘சேர்த்துக்கொள்’ என்று உத்தரவு போடலாம். இங்கிலாந்தின் உயர்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலானவை இன்று அகாடமி என்ற தன்னாட்சிப் பள்ளிகள். அவற்றுக்கு உத்தரவு போட வேண்டுமானால் கல்வி அமைச்சருக்கு எழுத வேண்டும். கடிதம் போய்த் திரும்புவதற்குள் தேர்வே முடிந்துவிடும் என்பதால் சமூகப் பணியாளர் எழுதுவதற்கே யோசிக்கிறார்.

பள்ளி வரிசையிலேயே நிற்கவிடாத கூத்தும் நடந்தது. 2021 ஜூலையிலிருந்து உள்துறை அமைச்சகம் தனியாக வந்த சிறுவர்களை உள்ளாட்சியிடம் ஒப்படைக்காமல் தென்கரை ஓட்டல்களில் வைக்கத் தொடங்கியது. 2023 ஜனவரி வரை அப்படி வைக்கப்பட்டவர்கள் சுமார் 4,600 பேர். 440 முறை பிள்ளைகள் காணாமல் போனார்கள். அந்த மாதம் அமைச்சர் ராபர்ட் ஜென்ரிக் நாடாளுமன்றத்தில் பதில் சொன்னபோது 200 பேர் இன்னும் கிடைத்திருக்கவில்லை. ஓட்டலில் இருந்த பிள்ளைக்கு உள்ளாட்சிப் பெற்றோர் இல்லை, ஆகவே 20 நாள் விதியும் இல்லை. வழக்கமான முறையாக ஓட்டல்களைப் பயன்படுத்தியது சட்டவிரோதம் என்று 2023 ஜூலையில் உயர் நீதிமன்றம் சொன்னது. கென்ட் மாவட்டத்தில் சிறுவர்களைப் பதிவுசெய்யும் மையத்தின் சுவரில் இருந்த மிக்கி மவுஸ் ஓவியத்தை வெள்ளையடித்து மறைக்கச் சொன்னதும் இதே ஜென்ரிக்தான். ஓவியம் வரவேற்பது போல இருந்ததாம்.

வயதுச் சந்தேகம் இன்னொரு வாய்க்கால். பார்வைக்குப் பெரியவனாகத் தெரிகிறான் என்று எல்லையில் ஒருவர் எழுதிவிட்டால் பையன் பெரியவர்களோடு தங்கவைக்கப்படுகிறான். பெரியவர்களுக்குப் பள்ளி எதற்கு? மூன்று தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து 2024 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022 தொடக்கத்திலிருந்து பதினெட்டு மாதங்களில் குறைந்தது 1,300 பேர் இப்படிப் பெரியவர்கள் என்று தவறாக முடிவுகட்டப்பட்டு, பிறகு சிறுவர்களே என்று தெரிய வந்தார்கள். தவறைத் திருத்தினார்கள் சரி. திருத்துவதற்குப் போன மாதங்களை எந்தக் கல்லூரி திருப்பித் தரும்?

கடைசியாகக் கழுத்தில் தொங்கும் தேதி. தஞ்சம் மறுக்கப்பட்டு, திருப்பி அனுப்பவும் வழியில்லாத சிறுவனுக்குப் பிரிட்டன் தரும் தற்காலிக அனுமதி முப்பது மாதத்துக்கு, அல்லது பதினேழரை வயது வரைக்கும். இரண்டில் எது முந்துகிறதோ அது. பதினெட்டுக்கூட இல்லை, பதினேழரை! மேல்முறையீடு, வக்கீல், நேர்காணல் என்று பையன் ஓடும் அந்த ஆறு மாதமும் கல்லூரியில் அவன் தேர்வெழுத வேண்டிய ஆறு மாதமும் ஒன்றே. வகுப்பில் கவனம் சிதறுகிறது என்று ஆசிரியர் எழுதுவார். ஆலோசகரிடம் அனுப்பிவைப்பார்கள். அதையும் மீறித் தேறி, பல்கலைக்கழகத்தில் இடமும் வாங்கிவிட்டால், தஞ்ச மனு முடிவாகாதவனுக்கு அரசின் கல்விக் கடன் கிடையாது. வெளிநாட்டு மாணவருக்கான கட்டணத்தைக் கேட்பார்கள். சில பல்கலைக்கழகங்கள் இவர்களுக்கென்று உதவித்தொகை ஒதுக்குகின்றன. இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

இப்போது முதலில் சொன்ன எண்ணுக்குத் திரும்பினால் அது வேறு மாதிரி தெரியும். பதினாறு வயதுப் பையன் மூன்று ஆண்டு பின்தங்கியிருக்கிறான். யாரைவிட? நான்கு வயதில் சேர்ந்து பன்னிரண்டு ஆண்டு அதே மொழியில் படித்தவனைவிட. இவன் எத்தனை ஆண்டு படித்தான்? பலர் வந்து இரண்டு ஆண்டுகூட ஆகியிருக்காது. குடும்பத்தோடு வந்த அகதிப் பிள்ளைகள் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறார்கள். அவர்களுடைய ஒன்றரை ஆண்டையும் இவனுடைய மூன்று ஆண்டையும் ஒப்பிட்டுப் பெற்றோர் இல்லாத குறை என்று முடிவுகட்டுவது, நடுவழியில் பேருந்து ஏறியவனிடம் தொடக்கத்திலிருந்து டிக்கெட் கேட்பது மாதிரி. புது மொழியில், புது எழுத்தில், இரண்டு ஆண்டுக்குள் பன்னிரண்டு ஆண்டுப் பாடத்தில் மூன்று ஆண்டு இடைவெளி வரை ஒருவன் நெருங்கி வந்திருந்தால் அதை வேகம் என்றே சொல்ல வேண்டும்.

இன்னொரு பக்கம் அதே எண் நிலைமையை அழகாகவும் காட்டிவிடுகிறது. தேர்வு எழுதுகிற வயதில் அரசுப் பள்ளியில் பெயர் இருந்தால்தான் அந்தக் கணக்கில் இடம். பதினாறைத் தாண்டி வந்த பெரும்பான்மையும், ஓட்டலில் இருந்தவர்களும், வயதுத் தகராறில் மாட்டியவர்களும், வீட்டில் காத்திருந்தவர்களும் அதில் இல்லை. ஆய்வாளர் கைக்கு எட்டுவது பள்ளிப் பதிவேடு. பதிவேட்டுக்கு வெளியே நிற்பவனைப் பற்றி அது எதுவும் பேசாது.

உள்ளே இருக்கும் குறைதான் காரணமென்றால் எல்லா நாட்டிலும் முடிவு ஒன்றாகவே இருக்க வேண்டும். ஸ்வீடன் அதற்கு இடையூறாக இருக்கிறது. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் ஐசான் செலிகாக்சோயும் எஸ்கில் வாடென்ஷோவும் நாட்டின் மக்கள் பதிவேட்டை வைத்து, தனியாக வந்த சிறுவர்கள் வளர்ந்த பிறகு என்ன ஆனார்கள் என்று பின்தொடர்ந்தார்கள். பெற்றோரோடு வந்த, மற்ற விதங்களில் ஒத்திருக்கிற அகதி இளைஞர்களோடு ஒப்பிட்டால், தனியாக வந்தவர்களில் வேலையில் இருந்தவர்கள் கூடுதலாகவே இருந்தார்கள். காய விளக்கத்துக்கு இதைவிட எதிரான சான்று கிடைப்பது கடினம். பெண்களின் நிலை அவ்வளவு நன்றாக இல்லை, படிப்பிலும் இல்லாமல் வேலையிலும் இல்லாமல் இருந்தவர்கள் அவர்களில் அதிகம். இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வேலை கிடைத்தது என்பதாலேயே படிப்பு கிடைத்தது என்றும் ஆகாது. பலர் சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய கட்டாயத்தில் குறைந்த படிப்போடு வேலைக்குப் போனவர்கள்.

அதே ஸ்வீடன் பிறகு என்ன செய்தது என்பதும் பாடம். 2015இல் மட்டும் 35,369 சிறுவர்கள் தனியாக வந்து தஞ்சம் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆப்கானியர். மனு முடிவாக ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. காத்திருந்த காலத்திலேயே ஆயிரக்கணக்கானோர் பதினெட்டைத் தாண்டினார்கள். 2017இலிருந்து கடைவாய்ப்பல்லை எக்ஸ்ரே எடுத்தும் முழங்காலை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்தும் வயது சொன்னார்கள். அந்த முறையின் துல்லியத்தை மருத்துவர்களும் புள்ளியியலாளர்களும் வெளிப்படையாகவே கேள்வி கேட்டார்கள். நிராகரிக்கப்பட்டவர்கள் வகுப்பறையில் இருந்ததால் சங்கடம் வந்து, 2018இல் உயர்நிலைப் பள்ளிச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றினார்கள். படித்துக்கொண்டிருந்தால் தங்கலாம் என்றது அது. முடித்த ஆறு மாதத்துக்குள் நிலையான வேலை கிடைத்தால் தொடர்ந்து தங்கலாம் என்றது.

கேட்க நியாயமாக இருந்தது. ஆனால் ஸ்வீடனில் புதிதாக வந்தவன் முதலில் மொழி அறிமுக வகுப்பில் உட்கார வேண்டும். தொழிற்கல்விப் பிரிவுக்குப் போகவே ஸ்வீடிஷ், ஆங்கிலம், கணிதம் உட்பட எட்டுப் பாடங்களில் தேற வேண்டும்; பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் பிரிவுக்குப் பன்னிரண்டு. இருபது வயதுக்குள் உள்ளே நுழைந்தாக வேண்டும். ஒரு தேர்வில் தோற்றால் உள்ளூர்ப் பையன் அடுத்த பருவத்தில் எழுதுவான். அந்தச் சட்டத்தின் கீழ் இவன் தோற்றால் நாட்டை விட்டுப் போக வேண்டியிருந்தது. மதிப்பெண் பட்டியலையே விசாவாக்கிய பிறகு, தேர்வறையில் அவன் கை நடுங்கினால் அதற்கு அவன் விட்டு வந்த ஹெராத் நகரத்தைக் காரணம் காட்டுவது என்ன நியாயம்?

அமெரிக்காவுக்கு வந்தால் ‘சம்பாதிக்க வந்தவர்கள்’ என்ற வாதத்தின் தலைமையகமே அங்குதான். 2014 நிதியாண்டில் தென் எல்லையில் பிடிபட்ட தனிச் சிறுவர்கள் 68,000க்கும் மேல். பெரும்பாலும் குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர் பிள்ளைகள். குடியேற்ற ஆவணம் இல்லாத குழந்தைக்கும் அரசுப் பள்ளியில் இடமுண்டு என்று உச்ச நீதிமன்றம் 1982இல் பிளைலர் வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகவே சட்டம் சந்தேகத்துக்கு இடமில்லாதது. 2016இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் தேடிப் பார்த்தபோது, 14 மாநிலங்களில் குறைந்தது 35 பள்ளி மாவட்டங்கள் இந்தப் பிள்ளைகளைச் சேர்க்காமல் தட்டிக்கழித்தன, அல்லது தரம் குறைந்த தனித் திட்டங்களுக்குத் தள்ளிவிட்டன. நியூயார்க் பக்கத்து லாங் தீவில் ஒரு மாவட்டத்தில், பிள்ளைகள் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டதும் இடமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டதாகப் புகார் எழுந்து, மாநில விசாரணை வரை போனது. 2015இல் இருபது மாவட்டங்கள் சேர்க்கை விதிகளைத் திருத்துவதாக நியூயார்க் அட்டர்னி ஜெனரலிடம் எழுதிக்கொடுத்தன.

பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் நடந்தது இன்னும் நுணுக்கமானது. பதினெட்டிலிருந்து இருபத்தொரு வயது வரையிலான அகதி மாணவர்களை வழக்கமான உயர்நிலைப் பள்ளியில் சேர்க்காமல், தனியார் நிறுவனம் நடத்திய மாற்றுப் பள்ளிக்கு அனுப்பினார்கள். வயது வரம்பு வருவதற்குள் சீக்கிரம் பட்டம் கொடுத்துவிட வேண்டுமே என்ற நல்லெண்ணமாம். பாடம் புரிந்ததா என்பது யாருக்கும் கவலையாக இல்லை. மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். 2017 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கம் நின்றது. வழக்கிட்டவர்களில் குடும்பத்தோடு வந்தவர்களும் உண்டு. ஆனால் வயது முற்றியவனுக்குப் பாதிப் பள்ளி போதும் என்ற எண்ணம் தனியாக வருகிறவனைத்தான் அதிகம் தாக்குகிறது, ஏனென்றால் அவனுக்காக வாசலில் வந்து சண்டைபோட அம்மா இல்லை.

வேலைக்குப் போகிறார்கள் என்பது உண்மைதான். 2023 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸில் ஹானா டிரையர் எழுதிய புலனாய்வு, கூரை போடுவதிலிருந்து உணவு ஆலைகள் வரை இந்தப் பிள்ளைகள் உழைப்பதை நாடறியச் செய்தது. அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. கட்டுரை வெளியான அதே பிப்ரவரியில், எட்டு மாநிலங்களில் 13 இறைச்சி ஆலைகளை இரவில் கழுவ 102 சிறுவர்களை அமர்த்தியதற்காக ஒரு துப்புரவு நிறுவனம் 15 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. எல்லோரும் தனியாக வந்தவர்கள் என்று சொல்ல முடியாது. இரவு பதினொரு மணிக்கு எலும்பு அறுக்கும் ரம்பத்தைக் கழுவத் தொடங்கி விடியலில் முடித்து, காலையில் பள்ளிக்குப் போய் மேசையில் தலை சாய்ந்த பிள்ளையைப் பற்றித் தொழிலாளர் துறையின் ஆவணங்கள் பேசுகின்றன.

பள்ளிக்குப் போனது! படிக்க விருப்பமில்லாதவன் இரவு முழுதும் உழைத்துவிட்டு ஏன் அங்கே போகிறான்? லாஸ் ஏஞ்சலிஸில் தனியாக வந்து வளர்ந்த இளைஞர்களோடு பல ஆண்டு பழகி ஸ்டெஃபனி கனிசாலஸ் 2024இல் ஒரு நூல் எழுதினார். தையல் ஆலையில் பகல் முழுக்க உட்கார்ந்துவிட்டு மாலையில் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்புக்குப் போகிறவர்கள் அதில் வருகிறார்கள். கடத்தல்காரருக்குக் கடன், வாடகை, ஊரில் தம்பி தங்கைகள். வாடகை கொடுக்க வேறு ஆளில்லாத பதினாறு வயதுப் பையன் முதலில் வாடகைக்கு வழி பார்க்கிறான். இதில் அவனுடைய உள்நோக்கத்தை ஆராய என்ன இருக்கிறது? அவர்கள் பகல் பள்ளியின் பதிவேட்டில் ஒருநாளும் வராதவர்கள் என்பதால், பள்ளியை மையமாக வைத்த குடியேற்ற ஆய்வுகளில் அவர்கள் நெடுங்காலம் இருக்கவே இல்லை.

மாற்றி அமைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அமெரிக்காவிலேயே ஆதாரம் உண்டு. வந்து நான்கு ஆண்டுக்குள் இருக்கும் மாணவருக்கென்றே நியூயார்க்கில் 1985இல் லகார்டியா கல்லூரி வளாகத்தில் தொடங்கிய இன்டர்நேஷனல் உயர்நிலைப் பள்ளி, இன்று பல மாநிலங்களில் கிளைவிட்ட வலைப்பின்னல். ஓக்லாந்தில் உள்ள கிளையில் தனியாக வந்த பிள்ளைகள் கணிசம். அங்கே மொழியைத் தனியாகக் கற்பித்து முடித்துவிட்டுப் பாடத்துக்கு வருவதில்லை. அறிவியல் ஆசிரியரே மொழி ஆசிரியர். பள்ளிக்குள்ளேயே வக்கீலையும் மருத்துவரையும் பார்க்க ஏற்பாடு செய்கிறார்கள். மன ஆறுதலையும் அங்கே மறுக்கவில்லை, ஆனால் அதற்காக வகுப்பைத் தள்ளிவைப்பதில்லை.

‘அப்படியென்றால் இவர்கள் மனவலிமை மிக்க வீரர்கள், எப்படியும் தேறிவிடுவார்கள்’ என்று மறுபக்கம் சாய்கிறவர்களும் உண்டு. அவர்கள் கிண்டர்டிரான்ஸ்போர்ட்டை நினைவூட்டுவார்கள். 1938–39இல் நாஜிகளிடமிருந்து பிரிட்டனுக்குத் தனியாக வந்து சேர்ந்த சுமார் 10,000 பிள்ளைகளில் இருவர் நோபல் பரிசு வாங்கினார்கள்: வால்ட்டர் கோன், ஆர்னோ பென்சியாஸ். அன்று இங்கிலாந்தில் பள்ளி வயது பதினான்கோடு முடிந்தது. வந்தவர்களில் ஏராளமானோர் அத்தோடு வேலைக்குப் போனார்கள், பெண்பிள்ளைகள் பலர் வீட்டு வேலைக்கு. கோனையும் 1940இல் எதிரி நாட்டான் என்று பிடித்துக் கனடா முகாமுக்கு அனுப்பினார்கள். முகாமுக்குள் கைதிகளாக இருந்த பேராசிரியர்கள் பாடம் நடத்தினார்கள், அதுதான் அவர் படிப்பைக் காப்பாற்றியது. அவருடைய வலிமையைப் பாராட்டலாம். அங்கே ஆசிரியர் கிடைத்தார் என்பதை மறந்துவிட்டுப் பாராட்டக் கூடாது.

காய விளக்கத்தை விடாமல் பிடித்திருக்கிற சமூகப் பணியாளருக்கு ரவி கோலியின் எழுத்தைப் படிக்கக் கொடுக்கலாம். இந்தப் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை என்ற புகாரை அவர் இரண்டாயிரங்களின் நடுவில் நுணுகி ஆராய்ந்தார். அந்த மௌனத்தை நோயின் அறிகுறியாக மட்டும் பார்க்க வேண்டாம், முன்பின் தெரியாத அதிகாரியிடம் எதைச் சொன்னால் எது பறிபோகும் என்று அறியாதவன் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியாகவும் அதைப் பார்க்கலாம் என்றார். அன்றாட வாழ்க்கை சீரான பிறகு பேச்சு தானாக வருகிறது. ஸ்காட்லாந்து 2010இல் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பாதுகாவலரை அமர்த்திப் பார்த்தது. வக்கீலுக்கும் கல்லூரிக்கும் மருத்துவருக்கும் போன் செய்து பின்னால் நிற்க ஒரு ஆள். கோலியும் ஹெவன் கிராலியும் அதை மதிப்பிட்டு நல்ல சொல் சொன்னார்கள். 2023இல் அது சட்டபூர்வ சேவையானது. இங்கிலாந்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி ஓர் ஏற்பாடு இன்னும் இல்லை.

அடுத்த ஆய்வுக்கு நிதி கேட்கிறவர்கள் மூன்று தேதிகளைக் கேட்டு வாங்கட்டும்: பிள்ளை கரையேறிய தேதி, முதல் வகுப்பில் உட்கார்ந்த தேதி, தங்கும் அனுமதி முடியும் தேதி. தரவு இல்லை என்று சொல்ல முடியாது. முதலாவது உள்ளாட்சியின் கோப்பிலும் இரண்டாவது பள்ளி அல்லது கல்லூரியின் பதிவேட்டிலும் மூன்றாவது உள்துறையின் கணினியிலும் இருக்கிறது. ஜனவரியிலும் ஏப்ரலிலும் ஒரு சேர்க்கை வைக்கச் சொல்லிக் கல்லூரிகளுக்கு நிதி ஒதுக்குவதற்கு அந்த ஆய்வு முடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். சில கல்லூரிகள் ஏற்கெனவே அப்படிச் சேர்த்துக்கொண்டுதான் இருக்கின்றன.